சித்தப்பாவின் பழைய கணினியும் பாதியில் நின்ற லினக்ஸும்

போன மழைக்காலத்தில் அருமனைச் சித்தப்பா ஒரு கணினியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு தக்கலையில் இருக்கும் என் டிடிபி கடைக்கு வந்து இறக்கினார். 2009-இல் வாங்கியது. கோர் 2 டுவோ பிராசசர், இரண்டு 1 ஜிபி ராம், 160 ஜிபி ஹார்ட் டிஸ்க். ரப்பர் ஷீட் விற்ற கணக்கும் பேத்தியின் படங்களும் அதில்தான் இருந்தன. "மக்களே, விண்டோஸ் தொறக்கதுக்குள்ள ஒரு சாயா போட்டுக் குடிச்சிரலாம். நீ அந்த லினக்ஸப் போட்டுத் தா" என்றார். அரை நாள் வேலை என்று நினைத்து வாங்கி வைத்தேன். ஐந்து நாள் ஆயிற்று.

லினக்ஸ் என்பது விண்டோஸுக்குப் பதிலாகக் கணினியை ஓட்டும் இயங்குதளம், அதில் பல வகை உண்டு. அந்த ஐந்து நாளில் மூன்று வகை லினக்ஸை மாற்றி மாற்றிப் போட்டேன். மூன்றும் பாதியில் நின்றன. நான்காவதை டவுன்லோடு போட்டுவிட்டுக் காத்திருந்தபோதுதான் வெட்கம் வந்தது. கடையில் ஜெராக்ஸ் மிஷின் பேப்பரை விழுங்கிச் சிக்கினால், வேறு கம்பெனி பேப்பர் வாங்கிப் போட்டா பார்ப்பேன்? மூடியைத் திறந்து ரோலரைப் பார்ப்பேன். அந்தப் புத்தி கணினி முன்னால் வேலை செய்யவில்லை. பழைய பெட்டியில் லினக்ஸ் ஏறவில்லை என்றால், பெரும்பாலும் கோளாறு லினக்ஸில் இல்லை, பெட்டியில் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கும் வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். குளச்சலிலிருந்தும் குலசேகரத்திலிருந்தும் போனில் கேட்கிறவர்களுக்குச் சொல்கிற மாதிரியே, தட்ட வேண்டிய சொற்களை எழுத்துக்கூட்டிச் சொல்கிறேன்.

பெட்டியைத் தொடும் முன்

ஒரு பழைய நோட்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எந்த இடத்தில் நின்றது, திரையில் கடைசியாக என்ன வரி இருந்தது, அப்புறம் நீங்கள் எதை மாற்றினீர்கள் என்று எழுதுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ராமையும் மாற்றி, பென்டிரைவையும் மாற்றி, பயாஸ் (ஆன் செய்ததும் பெட்டியை எழுப்பும் மதர்போர்டு நிரல்) செட்டிங்கையும் மாற்றிய பிறகு வேலை செய்தால், எது குணமாக்கியது என்று தெரியாது. அடுத்த மாதம் அதே கோளாறு வரும்போது முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

உள்ளே இருக்கும் கோப்புகளை முதலில் வெளியே எடுங்கள். லினக்ஸ் பென்டிரைவிலிருந்து 'லைவ்' ஆக ஓடும்போதே பழைய விண்டோஸ் டிரைவைத் திறந்து, இன்னொரு பென்டிரைவுக்கோ எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்கோ நகலெடுத்துவிடலாம். சித்தப்பாவின் கணக்கு அழிந்திருந்தால் நான் அருமனைப் பக்கம் தலைகாட்ட முடியாது.

அடுத்தது, பிராசசர் ஒரே வீச்சில் கையாளும் தரவின் அளவு 32 பிட்டா 64 பிட்டா என்ற கேள்வி. இதில் பலர் ஏமாறுவது ஒரே இடத்தில்தான். பெட்டியில் 32 பிட் விண்டோஸ் இருந்தது என்பதால் பிராசசரும் 32 பிட் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கோர் 2 டுவோ எல்லாமே 64 பிட்தான். அந்தக் காலத்தில் கடைக்காரர்கள் 2 ஜிபி ராமுக்கு இது போதும் என்று 32 பிட் விண்டோஸைப் போட்டுக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். லைவில் டெர்மினலை, அதாவது கட்டளைகளைத் தட்டும் ஜன்னலைத் திறந்து எல்-எஸ்-சி-பி-யு என்று தட்டினால் இரண்டு வகையும் ஓடுமா என்று மேலேயே சொல்லிவிடும். நிஜமான 32 பிட் என்றால், 2008-இல் வந்த ஆட்டம் என்270 போட்ட குட்டி நெட்புக் போன்றவை. அவற்றுக்கு இப்போது வழி குறுகிவிட்டது. டெபியன் என்ற லினக்ஸ் வகையில், 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-க்கு 32 பிட் இன்ஸ்டாலரே கிடையாது. டெபியன் 12-இல் உண்டு, அதன்மேல் கட்டிய ஆன்டிஎக்ஸ் 23 என்ற லேசான லினக்ஸிலும் உண்டு. நெட்புக் வைத்திருப்பவர்கள் ஆன்டிஎக்ஸிலிருந்து தொடங்கலாம். லைவில் பெயரும் கடவுச்சொல்லும் கேட்டால் இரண்டுமே 'டெமோ'.

பென்டிரைவே கிளம்பவில்லை

டவுன்லோடு செய்த ஐஎஸ்ஓ கோப்பு (லினக்ஸ் இன்ஸ்டாலர் முழுவதும் அடங்கிய ஒரே கோப்பு) முழுசாக வந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மழைக்காலத்து நெட்டில் இது சாதாரணமாகவே கெடும். டவுன்லோடு பக்கத்திலேயே எஸ்எச்ஏ256 என்று ஒரு நீளமான எண்ணெழுத்து வரிசை கொடுத்திருப்பார்கள். உங்கள் கோப்புக்கு அதைக் கணக்கிட்டு முதல் ஆறு, கடைசி ஆறு எழுத்துகளை ஒப்பிட்டாலே போதும். ஓரெழுத்து மாறினாலும் கோப்பைக் கடாசிவிட்டு மறுபடி இறக்குங்கள்.

ஐஎஸ்ஓவை வெறுமனே பென்டிரைவில் காப்பி-பேஸ்ட் செய்தால் பூட் ஆகாது, அதாவது அதிலிருந்து கணினி கிளம்பாது. ரூஃபஸ், எட்சர், வென்டாய் போன்ற நிரல் ஒன்றைக் கொண்டு எழுத வேண்டும். ரூஃபஸில் எழுதியது கிளம்பவில்லை என்றால், அது கேட்கும் ஐஎஸ்ஓ முறை, டிடி முறை என்ற இரண்டில் மற்றதைத் தேர்ந்தெடுத்து இன்னொரு தரம் எழுதிப் பாருங்கள். பழைய பயாஸ்களில் பார்டிஷன் வகை எம்பிஆர் என்று இருக்கட்டும்.

பென்டிரைவை கேபினெட்டின் முன்பக்கத் துளையில் குத்தாதீர்கள். அது ஒரு மெல்லிய வயர் வழியாக மதர்போர்டுக்குப் போகிறது, பத்து வருஷத்தில் அந்த வயர் என்ன கதியில் இருக்கும் என்று சொல்ல முடியாது. பின்பக்கத்தில், மதர்போர்டிலேயே இருக்கும் துளையில் குத்துங்கள். குலசேகரத்திலிருந்து வந்த ஒரு பெட்டியில் பின்பக்கமும் கிளம்பவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தால், யுஎஸ்பி துளைக்குள் குளவி மண்கூடு கட்டி வைத்திருந்தது. குச்சியால் தோண்டி எடுத்தேன். அதற்கு எந்த இணைய மன்றத்திலும் விடை கிடைத்திருக்காது.

ஆன் செய்ததும் எஃப்12, எஃப்11, எஃப்8, எஸ்கேப், இவற்றில் ஏதாவது ஒன்று பூட் மெனுவைக் கொண்டுவரும். பெட்டிக்குப் பெட்டி மாறும். மெனுவில் பென்டிரைவ் தனியாகத் தெரியாமல், ஹார்ட் டிஸ்க் என்ற வரிக்குள் ஒளிந்திருப்பதும் உண்டு. அதைத் திறந்து பார்க்காமல் 'காணவில்லை' என்று முடிவு செய்யாதீர்கள்.

பாதியில் நிற்கிறது

இதுதான் என் ஐந்து நாளைத் தின்றது. நோட்டு கையில் இருந்தால் இதை ஒரே நாளில் பிடித்திருக்கலாம். கேட்க வேண்டியது ஒரே கேள்வி: நிற்பது ஒரே இடத்திலா, ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்திலா?

ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில், அதே கோப்பின் பெயரைக் காட்டி நின்றால் பென்டிரைவையும் ஹார்ட் டிஸ்க்கையும் சந்தேகப்படுங்கள். வேறு பென்டிரைவில் எழுதிப் போட்டாலும் அங்கேயே நின்றால் டிஸ்க். ஒரு முறை 12 சதவீதம், ஒரு முறை 61, ஒரு முறை மொழி தேர்ந்தெடுக்கும் திரையிலேயே என்று இஷ்டத்துக்கு நின்றால் ராம் அல்லது சூடு. நிற்காமல் படக்கென்று அணைந்தே போனால் சூடு அல்லது பெட்டிக்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ். ராம் கெட்டால் பெட்டி பொதுவாக உறையும், இல்லையென்றால் திரும்பத் தொடங்கும். அணைந்து இருட்டாகிவிடுவது அரிது.

சித்தப்பா பெட்டி இஷ்டத்துக்கு நின்ற வகை. ராமைச் சோதிக்க மெம்டெஸ்ட்86+ என்ற நிரல் இருக்கிறது. பல லைவ் பென்டிரைவ்களின் முதல் மெனுவிலேயே இருக்கும், இல்லாவிட்டால் தனியாக எழுதிக்கொள்ளலாம். ஒரு முழுச் சுற்று முடியும்வரை ஓட விடுங்கள். இரவில் போட்டுவிட்டுப் படுத்துவிடுவது என் வழக்கம். ஒரே ஒரு சிவப்பு வரி வந்தாலும் தோல்விதான், 'ஒண்ணுதானே' என்று விடக்கூடாது. எனக்குத் திரை முழுக்கச் சிவப்பு.

உடனே ராமைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை இறக்கிவிட்டு, இரு பக்கக் கொக்கியையும் விலக்கி ராமை எடுங்கள். அடியிலுள்ள பொன்னிறப் பற்களைப் பள்ளிப் பிள்ளைகளின் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளை ஊதித் தள்ளிவிட்டு மாட்டுங்கள். குளச்சல், மணவாளக்குறிச்சி போலக் கடலோரத்திலிருந்து வரும் பெட்டிகளில் உப்புக்காற்று பட்டு இணைப்புகளில் களிம்பு ஏறியிருக்கும். பாதிப் பெட்டி ரப்பர் தேய்த்ததிலேயே பிழைத்துவிடும்.

சித்தப்பா பெட்டி அதற்கும் அடங்கவில்லை. அப்போது செய்ய வேண்டியது இது. ஒரு ராமை மட்டும் முதல் ஸ்லாட்டில் போட்டுச் சோதியுங்கள். பிறகு அதை எடுத்துவிட்டு மற்றதை அதே ஸ்லாட்டில். அப்புறம் ஒவ்வொன்றாக இரண்டாவது ஸ்லாட்டில். எனக்கு முதல் ஸ்லாட்டில் இரண்டு ராமும் சுத்தமாக ஓடின. இரண்டாவது ஸ்லாட்டில் இரண்டுமே சிவப்பு. அதாவது ராம் நல்லது, ஸ்லாட் கெட்டது. சித்தப்பா வீட்டில் கணினி மேசை இருப்பது ஷீட்டுக்குப் புகை போடும் அறைக்கு ஒட்டிய சுவரோரம். ஸ்லாட்டுக்குள் கரி மாதிரி ஒரு பிசின். நாகர்கோவிலில் ஒரு செகண்ட் ஹேண்ட் கடையில் 2 ஜிபி டிடிஆர்2 ஒன்று வாங்கி முதல் ஸ்லாட்டில் போட்டேன். இரண்டாவதின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டி 'வேண்டாம்' என்று எழுதி வைத்தேன். அதற்குப் பிறகு இன்ஸ்டால் ஒரே மூச்சில் முடிந்தது. முதலில் பழி சுமந்த அதே டெபியன் 12-தான்.

சூடு பற்றி: பிராசசர் மேலிருக்கும் ஃபேன், இந்தக் காலப் பெட்டிகளில் நான்கு பிளாஸ்டிக் முளைகளால் மதர்போர்டில் குத்தி நிற்கும். அதில் ஒன்று நழுவினாலே ஹீட்சிங்க் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் ஃபேன் ஜோராகச் சுற்றும். விரலால் ஒவ்வொரு முளையாக அழுத்திப் பாருங்கள். கழற்றிவிட்டால் பழைய பேஸ்டைத் துடைத்துவிட்டுப் புதிது ஒரு பட்டாணி அளவு வைத்துத்தான் திரும்ப மாட்ட வேண்டும்.

டிஸ்க்கைச் சோதிக்க லைவில் ஸ்மார்ட் விவரத்தை, அதாவது டிஸ்க் தன் நலம் பற்றித் தானே வைத்திருக்கும் கணக்கைப் பாருங்கள். 'டிஸ்க்ஸ்' என்ற செயலி காட்டும், டெர்மினலில் ஸ்மார்ட்சிடிஎல் காட்டும். வரிசை நீளமாக இருக்கும், நீங்கள் பார்க்க வேண்டியவை மூன்று எண்கள். 5-ஆம் எண், கெட்டுப்போய் மாற்றி வைத்த செக்டர்கள் (டிஸ்க்கின் சின்னச் சின்னத் துண்டுகள்). 197-ஆம் எண், படிக்க முடியாமல் தவிக்கும் செக்டர்கள். இந்த இரண்டிலும் கடைசி நெடுவரிசையில் பூஜ்யம் இல்லாமல், நாளுக்கு நாள் ஏறிக்கொண்டு போனால் அந்த டிஸ்க்கில் எதையும் போடாதீர்கள். 199-ஆம் எண் மட்டும் ஏறினால் பெரும்பாலும் டிஸ்க் மேல் தப்பில்லை, அதை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிள் கெட்டிருக்கும். முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். டிஸ்க்கைக் குப்பையில் போட்ட பிறகு இதைத் தெரிந்துகொண்டவர்களில் நானும் ஒருத்தி.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. இன்ஸ்டால் நடக்கும்போது கரண்ட் போனாலும் வேலை பாதியில்தான் நிற்கும். நம் மேற்குப் பக்கத்து மலையோரங்களில் ஐப்பசியில் மத்தியானத்துக்கு மேல் இடி இல்லாத நாள் குறைவு. யுபிஎஸ் இல்லையென்றால் காலையில் வேலையை முடித்துவிடுங்கள்.

மெனு வருகிறது, பிறகு இருட்டு

கேப்ஸ் லாக்கை அழுத்துங்கள். கீபோர்டில் விளக்கு மாறி மாறி எரிந்தால் கணினி உயிரோடுதான் இருக்கிறது, படம் மட்டும் வரவில்லை. கண்ட்ரோல், ஆல்ட், எஃப்2 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கறுப்புத் திரையில் பெயர் கேட்கும் வரி வரலாம். விளக்கு மாறவில்லை என்றால் உண்மையிலேயே உறைந்துவிட்டது, ராம் பகுதிக்குத் திரும்பிப் போங்கள்.

உயிரோடு இருந்தால், திரும்பத் தொடங்கி பூட் மெனுவில் உங்கள் வரியின்மேல் நின்று 'இ' எழுத்தை அழுத்துங்கள். நீளமான எழுத்துகள் வரும். லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசிக்குப் போய், ஓர் இடைவெளி விட்டு என்-ஓ-எம்-ஓ-டி-இ-எஸ்-இ-டி என்று இடைவெளி இல்லாமல் ஒரே சொல்லாகத் தட்டி, எஃப்10 அழுத்துங்கள். சில லைவ் மெனுக்களில் இ அழுத்துவதற்குப் பதில் டேப் கீயை அழுத்தினால் அந்த வரி கீழே வரும், தட்டிவிட்டு என்டர். ஆன்டிஎக்ஸ் மெனுவில் 'சேஃப் வீடியோ' என்று தயாராகவே ஒரு வரி உண்டு.

இந்தச் சொல், கிராபிக்ஸ் டிரைவரைத் தூங்க வைத்துவிட்டு எளிய படத்தைக் காட்டச் சொல்கிறது. இன்ஸ்டால் முடிக்க இது ஒரு ஊன்றுகோல். நிரந்தரமாக வைத்துக்கொண்டால் திரை அளவு சரியாக வராது, ஜன்னலை நகர்த்தினாலே திணறும். டெஸ்க்டாப்பில் தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால் அதைக் கழற்றிவிட்டு, மானிட்டர் வயரை மதர்போர்டிலேயே இருக்கும் விஜிஏவில் குத்திப் பாருங்கள். வயதான கார்டைப் பராமரிப்பதைவிட இது மேல் என்பது என் அபிப்பிராயம். விளையாட்டுக்காகவா இந்தப் பெட்டி?

முடிந்தது, ஆனால் கிளம்பவில்லை

பென்டிரைவைப் பிடுங்கியதும் 'பூட் செய்ய டிஸ்க் இல்லை' என்கிற மாதிரி ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து நிற்கிறது என்று போன் வந்தால், எனக்குப் பதில் தயார். பூட்லோடரை, அதாவது லினக்ஸைக் கிளப்பிவிடும் சின்ன நிரலை, எந்த டிஸ்க்கில் போடட்டும் என்று இன்ஸ்டாலர் கடைசியில் கேட்டபோது பென்டிரைவைக் காட்டியிருப்பீர்கள். சில பழைய பயாஸ்களில் பென்டிரைவே முதல் டிஸ்க்காக, எஸ்-டி-ஏ என்ற பெயரில் நிற்கும். பெயரைப் பார்க்காதீர்கள், பக்கத்தில் இருக்கும் அளவைப் பாருங்கள். 160 ஜிபி எதுவோ அதுதான் உங்கள் டிஸ்க். சரிசெய்ய முழுவதும் திரும்பப் போட வேண்டியதில்லை. எம்எக்ஸ் லினக்ஸ் லைவில் 'பூட் ரிப்பேர்' என்று ஒரு கருவி இருக்கிறது, வேறு லினக்ஸ் போட்ட டிஸ்க்குக்கும் உதவும்.

பழைய பயாஸ் பெட்டியில் டிஸ்க்கை ஜிபிடி வகையாகப் பிரித்திருந்தால் பூட்லோடருக்கென்று 1 எம்பி தனிப் பகுதி தேவை. அந்தத் தலைவலி வேண்டாம் என்றால் எம்பிஆர் வகையாகப் பிரியுங்கள்.

நெட்டும் கடிகாரமும்

பிரவுசரில் எந்தத் தளமும் பாதுகாப்பில்லை என்று அலறுகிறதா, அப்டேட் செய்யப் போனால் கோப்பு 'இன்னும் செல்லுபடியாகவில்லை' என்கிறதா? மூலையில் தேதியைப் பாருங்கள். 2009 ஜனவரி 1 மாதிரி ஏதாவது பழைய தேதி இருக்கும். மதர்போர்டில் ஒரு ரூபாய்க் காசு மாதிரி சிஆர்2032 பேட்டரி இருக்கிறது, 3 வோல்ட். அது செத்துவிட்டது. கைக்கடிகாரக் கடையில் கிடைக்கும்.

வைஃபை தெரியவில்லை என்றால் டெர்மினலில் ஆர்-எஃப்-கே-ஐ-எல்-எல் என்று தட்டி, இடைவெளி விட்டு, லிஸ்ட் என்று சேர்த்துப் பாருங்கள். 'ஹார்ட்' என்ற வரியில் 'யெஸ்' என்று வந்தால் லேப்டாப் ஓரத்தில் ஒரு சின்ன ஸ்விட்ச் அணைந்திருக்கிறது. இல்லையென்றால் ஃபர்ம்வேர் (வைஃபை சிப்புக்குள் ஏற்ற வேண்டிய நிரல்) பாக்கி. டெபியன் 12 முதல் இன்ஸ்டாலரோடேயே பெரும்பாலான ஃபர்ம்வேர் வருகிறது. ஆனால் சில பழைய சிப்புகளின் ஃபர்ம்வேரை நெட்டிலிருந்துதான் இறக்க வேண்டும். நெட் இல்லாமல் நெட்டை எப்படி இறக்குவது? ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி வயரில் இணைத்து, போன் செட்டிங்கில் யுஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்யுங்கள். லேன் வயர் குத்தியது போல நெட் வந்துவிடும்.

ஓடுகிறது, ஆனால் ஆமை

டெர்மினலில் எஃப்-ஆர்-இ-இ, இடைவெளி, ஒரு சின்னக் கோடு, எச். இதில் 'ஃப்ரீ' என்ற எண்ணைப் பார்த்துப் பயப்படாதீர்கள். சும்மா கிடக்கும் ராமைக் கோப்புகளை நினைவில் வைக்க லினக்ஸ் பயன்படுத்திக்கொள்ளும், தேவைப்பட்டால் விட்டுக்கொடுக்கும். 'அவைலபிள்' என்ற எண்ணைத்தான் பார்க்க வேண்டும். அது வற்றி, ஸ்வாப் (ராம் போதாதபோது டிஸ்க்கில் கடன் வாங்கும் இடம்) நிரம்பிக்கொண்டிருந்தால் ராம் போதவில்லை. ராம் வாங்க வழியில்லாதவர்கள் ஸிராம் போட்டுக்கொள்ளுங்கள். டெபியனில் 'ஸிராம்-டூல்ஸ்' என்று கிடைக்கும். ராமின் ஒரு பகுதியில் பொருள்களைச் சுருட்டி வைத்துக்கொள்ளும் ஏற்பாடு, மழைக்காலத்தில் துணியை மடித்து ஒரே கொடியில் நெருக்கிப் போடுவது மாதிரி.

காசு செலவழிக்க முடியுமானால் முதலில் எஸ்எஸ்டி வாங்குங்கள், 120 ஜிபி போதும். பழைய சாட்டாவில் அதன் முழு வேகம் வராது, அது உண்மைதான். ஆனாலும் சுற்றும் டிஸ்க்கின் ஊசி அங்குமிங்கும் ஓடும் நேரம் இல்லாமல் போவதே பெரிய மாற்றம். யூடியூப் திக்கினால் எச்264இஃபை என்ற பிரவுசர் நீட்சியைப் போடுங்கள். புது வகை வீடியோவுக்குப் பதில் இந்தப் பெட்டிக்குப் புரியும் பழைய வகையைக் கேட்டு வாங்கும். 512 எம்பி ராம் நெட்புக்கைக் கொண்டுவந்து யூடியூப் கேட்கிறவர்களிடம் மட்டும் நான் முடியாது என்றே சொல்லிவிடுகிறேன்.

தமிழ்

சித்தப்பா கணக்குப் புத்தகத்தைத் திறந்தார். எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக. லேசான லினக்ஸ்களில் தமிழ் எழுத்துரு சில சமயம் இருக்காது. டெபியனில் லோஹித் தமிழ் அல்லது நோட்டோ எழுத்துருவைப் பொதி மேலாளரில் தேடிப் போட்டதும் கட்டங்கள் எழுத்தாகிவிட்டன. சில கோப்புகள் கட்டமாக இல்லாமல் ஆங்கில எழுத்துக் குப்பையாக வந்தன. அவை யுனிகோடுக்கு முந்தைய பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்தவை. என் கடைக் கணினியிலிருந்து அந்தப் பாமினி எழுத்துருக் கோப்பை எடுத்து, சித்தப்பாவின் ஹோம் அடைவில், புள்ளியில் தொடங்கும் ஃபான்ட்ஸ் என்ற அடைவுக்குள் போட்டேன். தட்டச்சுக்கு ஐபஸ், அதோடு எம்17என் பொதி. அதில் தமிழ்99 விசைப்பலகை இருக்கிறது.

போன வாரம் அருமனைக்குப் போயிருந்தேன். மேசையைப் புகை அறைச் சுவரிலிருந்து எதிர்ப்பக்கத்துக்கு மாற்றியிருந்தார். தூரத்தில் இடி கேட்டதும் எழுந்து, பிளக்கைப் பிடுங்கினார். லேன் வயரை மறந்துவிட்டார். அதையும் பிடுங்கிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.